ஃபார்மேட் என்பது வைத்தியம் அல்ல

லினக்ஸ் போட்ட கணினி ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால், நம் ஊரில் முதலில் காதில் விழுவது "ஃபார்மேட் போட்டுடலாம் சார்" என்பதுதான். கடைக்காரர் சொல்வார், பக்கத்து வீட்டுப் பையன் சொல்வான், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் மருமகனும் சொல்வார். தலைவலி என்று போனவனிடம் தலையை மாற்றிவிடலாம் என்று சொல்வது போல இருக்கிறது. ஃபார்மேட் என்பது வைத்தியம் அல்ல. நோய் என்னவென்று கண்டுபிடிக்க இருந்த தடயத்தையும் சேர்த்து அழிக்கும் வேலை. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல், படித்ததைக் குறித்து வைக்காமல், யாரும் யாருடைய வட்டையும் அழிக்கக் கூடாது என்பது என் கட்சி.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், அவர்கள் பட்டியலில் உள்ள பிராசசரும் வேண்டும். பத்து வருடக் கணினிகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மின்னஞ்சல் பார்க்க, கடிதம் அடிக்க, பேரப்பிள்ளைகளோடு பேச அவற்றுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. ஆகவே என் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் மகனோ பேரனோ வந்து லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று ஏதாவது ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல காரியம். போட்டவர் ஊருக்குப் போன பிறகு அது ஒரு நாள் நின்றுவிடுகிறது. அப்போதுதான் அந்தச் சொல் வருகிறது.

நான் கணினிப் பொறியாளன் அல்ல. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் எழுத்தர் வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. ஒரு கோப்பு வரவில்லை என்று மேலதிகாரி கேட்டால், புதிதாக ஒரு கோப்பு திறந்துவிடலாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தபால் பதிவேட்டைப் பார்ப்போம். எந்தத் தேதியில் எந்த மேசைக்குப் போனது, எந்த மேசையில் நின்றது என்று பார்ப்போம். மேசை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கணினி எழுவதும் மேசைக்கு மேசை போகும் கோப்புதான். மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உள்ள பயாஸ், புதிய கணினிகளில் யூஇஎஃப்ஐ. அது ரேம், வட்டு எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கிரப் என்ற சின்ன நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. கிரப், லினக்ஸின் கெர்னலையும் அதோடு ஒரு தற்காலிகக் கோப்பு மூட்டையையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் வன்பொருளை அடையாளம் கண்டு, உண்மையான வட்டைத் தேடிப் பிடிக்கிறது. பிறகு சிஸ்டம்டி என்பது ஒவ்வொரு சேவையாகத் தொடங்குகிறது. கடைசியில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை. மொத்தம் ஐந்து மேசை.

ஒவ்வொரு மேசைக்கும் தனிக் கையெழுத்து உண்டு. விசிறிகூடச் சுற்றவில்லை என்றால் மின்சார விஷயம். அதற்கும் லினக்ஸுக்கும் தொடர்பே இல்லை. நிறுவனத்தின் சின்னம் வந்து, தொடங்குவதற்கு வட்டு எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால், பயாஸ் மேசையில் நிற்கிறது. "கிரப் ரெஸ்க்யூ" என்று வந்தால், கிரப்பின் முதல் துண்டு கிடைத்துவிட்டது, மீதிக் கோப்புகள் இருக்கும் இடம் அதற்குத் தெரியவில்லை. அடைப்புக்குறிக்குள் "இனிட்ராம்எஃப்எஸ்" என்று நின்றால், கெர்னல் வரை வந்தாயிற்று, வட்டைத் திறப்பதில்தான் சிக்கல். "எமர்ஜென்சி மோட்" என்றால் சிஸ்டம்டி ஏதோ ஒரு வட்டுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து களைத்துவிட்டது. கழற்றிப்போட்ட இரண்டாவது வட்டின் பெயர் பட்டியலில் இன்னும் இருப்பதுகூடக் காரணமாக இருக்கலாம். கடவுச்சொல் சரியாகப் போட்டும் மறுபடி அதே திரைக்கே வந்தால், வட்டில் இடம் நிரம்பிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த எதற்கும் ஃபார்மேட் முதல் மருந்தில்லை.

சில சமயம் இயந்திரமே மருந்தையும் எழுதிக் கொடுக்கிறது. மின்வெட்டில் சட்டென்று அணைந்த கணினி அடுத்த நாள் இனிட்ராம்எஃப்எஸ் என்று நிற்கும். அதற்கு மேலே இரண்டு வரி தள்ளிப் பார்த்தால், இன்ன பகுதியில் முரண்பாடு இருக்கிறது, எஃப்எஸ்சிகே என்ற கட்டளையை நீங்களே ஓட்டுங்கள் என்று அந்தப் பகுதியின் பெயரோடு எழுதியிருக்கும். அதை அப்படியே தட்டினால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடும். வட்டே பழுதாகும் தறுவாயில் இருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் மட்டும், கோப்புகளை முதலில் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிட்டுப் பிறகு ஓட்ட வேண்டும். படித்தவனுக்கு ஐந்து நிமிடம். படிக்காதவனுக்கு ஒரு ஃபார்மேட்.

படிப்பது என்று சொல்கிறேனே, அதிலும் ஒரு முறை இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு "திக்தே" என்று ஒரு தண்டனை உண்டு. ஆசிரியர் வாசிப்பார், நாங்கள் கேட்டபடியே எழுத வேண்டும். ஒரு ஒற்றெழுத்து, ஒரு காற்புள்ளி தவறினாலும் மதிப்பெண் போய்விடும். ஐந்து பிழை என்றால் பூஜ்யம். "கிட்டத்தட்ட அதுதான் சார் எழுதினேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை. பிழைச் செய்தியை அப்படித்தான் எடுக்க வேண்டும். "ஏதோ எரர் வந்தது" என்று சொன்னால் உலகத்தில் யாராலும் உதவ முடியாது. திரையில் உள்ளதைக் கைப்பேசியில் படம் எடுங்கள். எண், கோடு, புள்ளி எதையும் விடாமல் ஒரு தாளில் எழுதுங்கள். பழைய பிரெஞ்சு நிர்வாகத்தில் "புரோசே வெர்பால்" என்பார்கள்: அதிகாரி தான் கண்டதை மட்டும் எழுதுவது. நீங்கள் நினைத்ததை எழுத வேண்டாம், கண்டதை எழுதுங்கள்.

இதன் அருமை எங்கள் தெருவில் ஒரு அம்மாளின் விஷயத்தில் தெரிந்தது. அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து, சில வருடங்களுக்கு முன் காலமானவர். வருடந்தோறும் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று அனுப்பினால்தான் அம்மாளுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். அதற்கு வேண்டிய காகிதங்களின் ஸ்கேன், கணவர் தட்டச்சு செய்து வைத்த கடிதங்கள், பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் ஒரு மேசைக் கணினியில் இருந்தன. லினக்ஸ் மின்ட் போட்டது உறவுக்காரப் பையன். மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தால் கணினி எழாது. கடைக்குப் போகும், ஃபார்மேட் ஆகும், வரும். அடுத்த பயணம், அடுத்த ஃபார்மேட். இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை கடையில் சொன்னது: "லினக்ஸே சரியில்லம்மா, புதுசு வாங்கிடுங்க."

நான் போய்ப் பார்த்தபோது திரையில் ஒரு வரி இருந்தது. சிமாஸ் செக்சம் பிழை, ஆரம்ப அமைப்புகள் ஏற்றப்பட்டன, தொடர எஃப்1 அழுத்தவும் என்று ஆங்கிலத்தில். "இது எப்பவும் வருமா அம்மா?" என்று கேட்டேன். "ஊர்லேருந்து வந்தா வரும் அண்ணே. எஃப்1 அழுத்துங்கன்னு கடையில சொன்னாங்க, அழுத்திடுவேன்" என்றார். பயாஸுக்குள் போய்த் தேதியைப் பார்த்தால், கணினி 2012 ஜனவரி 1-ல் இருந்தது. "ஊருக்குப் போறப்ப சுவர்ல ஸ்விட்சை அணைச்சிட்டுப் போவீங்களா?" "பின்ன? பூட்டின வீட்ல கரண்டு ஓடலாமா?"

அவ்வளவுதான் விஷயம். தாய்ப்பலகையில் சிஆர்2032 என்று ஒரு நாணய பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் அதுதான் நினைவில் வைத்திருக்கிறது. அது தீர்ந்துபோயிருந்தது. சுவரில் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை தெரியாது. அணைத்துவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறந்து எழும்போது, பூட் முறை பழைய லெகசிக்குத் திரும்பிவிடும். லினக்ஸோ யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டது. ஆகவே வட்டு இருந்தும் இல்லை என்று சொல்லும். ஐம்பது ரூபாய்க்குள் ஒரு பேட்டரி, தேதியைச் சரிசெய்து, பூட் முறையை மாற்றிச் சேமித்தால் முடிந்தது. அந்தக் கணினி இன்றும் ஓடுகிறது.

ஆனால் முதல் ஃபார்மேட்டில் போனது போனதுதான். மேலே மேலே மூன்று முறை எழுதிய வட்டு. அழிந்த படங்களைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச நிரலை ஓட்டியதில் கொஞ்சம் படங்கள் திரும்பின, பெயரில்லாமல், தேதியில்லாமல். கணவரின் கடிதங்களில் ஒன்றுகூட வரவில்லை. ஓய்வூதியக் காகிதங்களின் மூலம் பெட்டியில் இருந்ததால் வருமானம் பிழைத்தது. கடிதங்களுக்கு மூலம் ஏது? அந்த அம்மாள் கடைக்காரரைத் திட்டவில்லை. "போவட்டும் அண்ணே" என்றார். எனக்குத்தான் ஆறவில்லை. திரையில் மூன்று முறை ஒரே வரி வந்தது. மூன்று முறையும் அதை யாரும் படிக்கவில்லை.

படிப்பது முதல் விதி என்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது இரண்டாவது விதி. நாலு மாத்திரையை ஒன்றாகப் போட்டுக் காய்ச்சல் விட்டால், எது வேலை செய்தது என்று யாருக்குத் தெரியும்? லினக்ஸில் இந்த விதிக்கு வசதியாகப் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. நிறுவிய பிறகு திரை கறுப்பாகவே இருக்கிறதா? கிரப் பட்டியலில் ஈ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் "நோமோட்செட்" என்ற சொல்லைச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். திரை வந்தால் கிராஃபிக்ஸ் அட்டையின் டிரைவர்தான் சிக்கல் என்று தெரிந்துவிட்டது. அந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். அணைத்துப் போட்டால் பழையபடி. நேற்றுவரை ஓடியது, இன்றைய அப்டேட்டுக்குப் பிறகு ஓடவில்லையா? கிரப்பில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்பதற்குள் போனால் முந்தைய கெர்னல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் நேற்றைய கணினி கிடைக்கும். எழுந்த பிறகு ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையில் முந்தைய தடவை என்ன நடந்தது என்ற நாட்குறிப்பைக்கூடப் பார்க்கலாம். இத்தனையும் வைத்துக்கொண்டு ஃபார்மேட் போடுவது, பதிவேடுகளை எரித்துவிட்டுக் கணக்குப் பார்ப்பது போல.

நிறுவும்போதே நின்றுவிடும் கணினிகளுக்கும் இதே கதைதான். இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு முழுதாக வந்ததா என்று, தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் சும்மா நகலெடுத்துப் போட்டால் போதாது. ரூஃபஸ், எட்சர் மாதிரி ஒரு கருவியால் எழுத வேண்டும். மிகப் பழைய 32 பிட் கணினிக்கு இன்றைய உபுண்டு ஏறாது. டெபியன்கூட 2025-ல் வந்த 13-ஆம் பதிப்போடு 32 பிட் நிறுவலைக் கைவிட்டுவிட்டது. நிறுவும் திரையில் வட்டே தெரியவில்லை என்றால் வட்டு செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பயாஸில் வட்டு முறை ரெய்ட் என்றோ ஆர்எஸ்டி என்றோ இருக்கும்; ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரியும். அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். விண்டோஸ் எழாமல் போகலாம், பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்கலாம். சாவியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு தொடுங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பிரான்சிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் மடிக்கணினிகளில் விசைப்பலகை வேறு. நம் தட்டச்சு இயந்திரத்தில் க்யூ இருக்கும் இடத்தில் ஏ, டபிள்யூ இருக்கும் இடத்தில் இசட், எம் எழுத்து எல் பக்கத்தில். எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும். நிறுவும்போது அமெரிக்க விசைப்பலகை என்று விட்டுவிட்டால், கடவுச்சொல் ஒரு விதமாகப் பதிவாகும். பிறகு பிரெஞ்சுக்கு மாற்றினால் அதே விரல்கள் வேறு எழுத்தை அடிக்கும். "கடவுச்சொல் தவறு" என்று வந்ததும் ஃபார்மேட் என்று ஓடுபவர்களைக் கண்டிருக்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோது, பயனர் பெயர் கேட்கும் கட்டத்தில் கடவுச்சொல்லை அடித்துப் பாருங்கள். எந்த எழுத்து விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று: கிரப் வழக்கமாக அமெரிக்க விசைப்பலகையைத்தான் அறியும். கிரப் கேட்கும் கடவுச்சொல்லையும் அங்கே அடிக்கும் கட்டளைகளையும் அதை நினைவில் வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

வன்பொருள் பழுதும் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. நிறுவல் ஒரு முறை 30 சதவீதத்தில், இன்னொரு முறை 70 சதவீதத்தில் என்று இடம் மாறி மாறி நின்றால் ரேமைச் சந்தேகியுங்கள். அதைக் கழற்றித் துடைத்து அழுத்தமாகப் பொருத்தி, மெம்டெஸ்ட் என்ற சோதனையை இரவு முழுக்க ஓடவிடுங்கள். வட்டின் உடல்நிலையை ஸ்மார்ட் அறிக்கை சொல்லும். வைஃபை வரவில்லை என்றால் பெரும்பாலும் அந்தச் சில்லுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் இல்லை என்று பொருள். கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்தால், வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம். டெபியன் 2023-ல் 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேரை நிறுவல் கோப்பிலேயே சேர்த்துவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. சில விரல்ரேகைக் கருவிகளும் சில பிரிண்டர்களும் லினக்ஸில் ஓடவே ஓடாது, உண்மை. அதை நிறுவிய பிறகு கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம்; வட்டில் ஒரு எழுத்தும் எழுதாது. ஒலி வருகிறதா, வைஃபை வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஃபார்மேட் போட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும், காசு கிடைக்கும். நோயைத் தேடினால் அரை நாள் போகும், கடைசியில் "பேட்டரி மாத்தினதுக்கா இவ்வளவு?" என்று நாமே பேரம் பேசுவோம். டாக்டருக்கு மருந்தே எழுதாவிட்டாலும் பார்த்ததற்குக் கட்டணம் கொடுக்கிறோம். கணினி பார்ப்பவருக்குக் கொடுப்பதில்லை. பார்த்துச் சொல்வதற்குத் தனியாகக் கூலி கொடுத்தால்தான் பார்த்துச் சொல்பவர்கள் இருப்பார்கள். ஆகவே குற்றத்தில் பாதி நம்முடையது.

ஃபார்மேட்டே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. வட்டை மாற்றினால், கணினியை வேறொருவருக்குக் கொடுத்தால், பதிப்பு மிகப் பழையதாகி மேம்படுத்த வழியே இல்லாமல் போனால் செய்யத்தான் வேண்டும். அதற்கு முன் இரண்டு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். என்ன கோளாறு என்று தெரிந்ததா? உள்ளே இருப்பது வெளியே நகல் ஆயிற்றா? எழாத கணினியில்கூட, பென்டிரைவ் லினக்ஸில் ஓட்டி, வட்டைத் திறந்து, கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். வட்டு உயிரோடு இருக்கும்வரை, "எழவில்லை, அதனால் எடுக்க முடியாது" என்பது சரியான பதில் இல்லை.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு யோசனை. கணினிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நோட்டு வையுங்கள். என்ன பதிப்பு, எந்தத் தேதியில் போட்டது, யார் போட்டது, லெகசியா யூஇஎஃப்ஐயா, எந்த விசைப்பலகை என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். கோளாறு வரும்போதெல்லாம் தேதி போட்டு, திரையில் வந்த வரியை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். என்ன செய்தபோது வந்தது, பிறகு என்ன மாற்றினீர்கள் என்றும் எழுதுங்கள். கடைக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். "முதல்ல நகல் எடுங்க. அப்புறம் என்ன கோளாறுன்னு இதுல ஒரு வரி எழுதிக் கொடுங்க. அதுக்குத் தனியா காசு தர்றேன்" என்று சொல்லுங்கள். எழுதிக் கொடுக்க முடியாதவர் கையில் வட்டைக் கொடுக்காதீர்கள்.